மன்னிப்பை எழுதியவர் யார்?

துயரப் பாட்டு ஒன்று செவியில் விழுந்ததும், "பாடியவருக்கு என்ன நேர்ந்ததோ?" என்று வினவும் வழக்கம் நம்மவரிடையே நன்றாக வேரூன்றிவிட்டது. பாட்டின் சொல்லையும் மெட்டையும் விட்டுவிட்டுப் பாடகரின் இல்லத்துக் கதவைத் தட்டுகிறார்கள். அங்கே ஒரு பிரிவோ பிணக்கோ அகப்பட்டுவிட்டால், "பார்த்தீர்களா, அதனால்தான் இப்படி உருகிப் பாடினார்" என்று மனநிறைவு கொள்கிறார்கள். வானொலி அறிவிப்பாளரும் இன்னிசை மேடையின் தொகுப்புரையாளரும் வார இதழின் துணுக்கு எழுத்தாளரும் இத்தொழிலில் ஒருவரை ஒருவர் விஞ்சி நிற்கின்றனர். இது பாட்டைச் சுவைப்பதாகாது. அண்டை வீட்டு வழக்கை ஒட்டுக்கேட்பதாகும். அதனினும் கொடிது யாதெனில், இவ்வழக்கத்தால் பாட்டை எழுதியவர் பெயர் அடியோடு மறைந்துபோகிறது. இதனை ஒரு சிறு குறையென்று நாம் கருதவில்லை. உழைத்தவருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறோம்.

பொதுப்படப் பேசினால் வாதம் காற்றில் கரைந்துவிடும். ஆகவே ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்த் திரைப்பாட்டு ஒன்றை எடுத்தால் நடிகர் கட்சி, பாடகர் கட்சி என்று அவை இரண்டுபட்டு, பேச வந்த பொருள் தெருவில் நிற்கும். எனவே கடல் கடந்த நாட்டுப் பாட்டொன்றைத் தேர்ந்தோம். "ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்" என்பது அதன் பெயர். எந்நேரமும் நீ என் நினைவிலேயே இருந்தாய் என்பது அதன் பொருள். நாம் பிறப்பதற்கு முன்னரே பிறந்த பாட்டு அது. இன்றும் தலைநகரத்து உணவு விடுதிகளில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மனைவியை அன்போடு நடத்தாத ஒருவன், சொல்ல வேண்டிய சிறு சொற்களைச் சொல்லாது விட்ட ஒருவன், காலம் கடந்தபின் அவளிடம் வருந்திப் பேசுவதே பாட்டு.

இப்பாட்டைக் குறித்து ஊரெங்கும் உலவும் கதை இது. எல்விஸ் பிரெஸ்லி 1967-இல் பிரிசில்லாவை மணந்தார். 1972-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் அவரை விட்டுப் பிரிந்தார். சில வாரங்களிலேயே, மார்ச் 29 அன்று, ஹாலிவுட்டில் இருந்த ஆர்.சி.ஏ. ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் இப்பாட்டைப் பாடினார். உடைந்த நெஞ்சின் குரல் அது, பிரிசில்லாவுக்கு அவர் எழுதிய கண்ணீர்க் கடிதம் அது, கேட்டால் தெரியவில்லையா? இப்படி உரைப்பர். தேதிகளில் பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. கடிதம் என்கிறார்களே, அதை எழுதியவர் யார்?

எல்விஸ் அதில் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியவர் மூவர். வெய்ன் கார்சன், ஜானி கிறிஸ்டபர், மார்க் ஜேம்ஸ் என்பன அவர்தம் பெயர்கள். இம்மூவரும் பிரிசில்லாவை நினைத்து எழுதவில்லை, நினைத்திருக்கவும் முடியாது. பி. ஜே. தாமஸ் என்னும் பாடகர் 1970-ஆம் ஆண்டிலேயே இப்பாட்டைப் பதிவு செய்துவிட்டார். அப்பதிவு அப்போது வெளிவராமற் போயிற்று என்பது வேறு செய்தி. எல்விஸின் இல்லத்தில் பிரிவு நேர்வதற்கு ஏறத்தாழ ஈராண்டுக்கு முன்பே, பிரிவின் வருத்தம் தாளில் எழுதி முடிந்து, யாரேனும் பாடுவார்களா என்று காத்துக்கிடந்தது.

அது எங்ஙனம் எழுதப்பட்டது என்பதற்கு வெய்ன் கார்சனே கூறிய செய்திகள் உண்டு. அவர் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியிருந்தவர். பாட்டெழுதுவதைப் பிழைப்பாகக் கொண்டவர். 1967-இல் பாக்ஸ் டாப்ஸ் குழுவினர் பாடிப் பெரும்புகழ் பெற்ற "தி லெட்டர்" என்ற பாட்டும் அவருடையதே. ஒலிப்பதிவு வேலையாக டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகருக்குப் போனவர், சொன்ன நாளில் வீடு திரும்பவில்லை. மனைவி தொலைபேசியில் மனக்குறையைச் சொன்னார். இவரோ, நெடுநாள் வெளியிலேயே இருந்துவிட்டேன், ஆயினும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எல்லாக் கணவரும் சொல்லும் சமாதானத்தைச் சொன்னார். சொல்லி முடித்த அக்கணமே அதற்குள் ஒரு பாட்டு இருப்பது அவருக்குப் புலப்பட்டுவிட்டது. உடனே என்ன செய்தார்? மனைவியிடம் அவசரமாக விடைபெற்றுத் தொலைபேசியை வைத்துவிட்டார். பாட்டை எழுத வேண்டுமே! ஸ்பிரிங்ஃபீல்டு வீட்டின் சமையலறை மேசையில் பத்தே நிமிடத்தில் எழுதினேன் என்றும் அவர் வேறோரிடத்தில் சொல்லியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சியைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். உன்னைக் கவனியாது விட்டேனே என்று வருந்தும் பாட்டு, மனைவியின் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுதப்பட்டது. உண்மையான வருத்தம்தான் உண்மையான பாட்டைத் தரும் என்று சாதிப்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்? கார்சன் நல்ல கணவரா அல்லரா என்பது நம் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது. அவர் நல்ல தொழிலாளி. தம் வாயிலிருந்து வந்த சாதாரணச் சமாதானத்தில் ஆயிரமாயிரம் பேருடைய சமாதானம் அடங்கியிருப்பதைக் கண்டுகொண்டவர். அந்தக் கண்ணும் செவியுமே பாட்டைப் பெற்றன, கண்ணீர் அன்று.

பாட்டு அதோடு முடியவுமில்லை. இரண்டு சரணங்களோடு வேலை முடிந்ததென்று கார்சன் கருதினார். மெம்பிஸில் அமெரிக்கன் சவுண்ட் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திவந்த சிப்ஸ் மோமன் ஒப்புக்கொள்ளவில்லை. இதற்கு ஒரு பிரிட்ஜ் வேண்டும் என்றார். பாலம் என்பதே அச்சொல்லின் பொருள். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும்போது இடையில் வேறு திசையில் சென்று, மீண்டும் பழைய மெட்டிலேயே கொண்டுவந்து சேர்க்கும் சிறு பகுதி அது. கார்சனுக்கு முதலில் அதில் உடன்பாடில்லை. பிறகு ஜானி கிறிஸ்டபரும் மார்க் ஜேம்ஸும் கைகொடுக்க, அப்பகுதி அமைந்து பாட்டு நிறைவு பெற்றது. மார்க் ஜேம்ஸ் என்பவர் வேறு யாருமல்லர்; "சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்" எழுதியவர். அதனையும் எல்விஸ் இதே கூடத்தில், இதே மோமனிடம், 1969-இல் பாடிப் பதிவு செய்தார்.

மோமன் கேட்டது ஒரு சிறு ஒட்டு வேலை என்று எண்ணிவிடலாகாது. பாட்டின் சரணங்களைக் கூர்ந்து கேட்டுப் பாருங்கள். அதில் பேசுகிறவன் ஒரு குற்றத்தையேனும் நேராக ஒப்புக்கொள்வதில்லை. நான் உன்னைச் சரியாக நடத்தாமல் இருந்திருக்கலாம், சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று, "இருக்கலாம்" என்னும் திரையைப் போட்டுக்கொண்டே நகர்கிறான். ஒவ்வொரு குற்றத்தின் முடிவிலும், ஆனாலும் உன் நினைவாகவே இருந்தேன் என்ற ஒரே சமாதானத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். செய்யாத செயலுக்கு நினைப்பை ஈடாக வைக்கிறான். இத்தகைய மன்னிப்பை நாம் நன்கறிவோம். இக்கட்டுரையை எழுதும் நாம் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருபதாண்டுக் காலம் கழித்தவர். "தாமதம் ஏதேனும் நேர்ந்திருப்பின் வருந்துகிறோம்" என்று எழுதி எழுதித் தேய்ந்த விரல்கள் இவை. நேர்ந்திருப்பின்! ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்ட முதியவருக்கு விடை செல்ல ஓராண்டு ஆயிற்று என்பது கோப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் "நேர்ந்திருப்பின்" என்றுதான் எழுத வேண்டும். அங்ஙனம் எழுதாத வரைவு மேலிடத்திலிருந்து சிவப்பு மையோடு திரும்பி வந்த காலமும் உண்டு. இப்போது கணினித் திரையில் திரும்பி வருகிறது.

அந்தப் பாலப் பகுதிக்கு வந்ததும் இவன் "இருக்கலாம்" என்பதை விட்டுவிடுகிறான். கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டு மன்றாடத் தொடங்குகிறான். அவளிடமிருந்து ஒரு விடையைக் கேட்கிறான். அதுவரை தன்னைப் பற்றியே பேசியவன் முதன்முதலாக எதிரில் ஒருத்தி இருப்பதை உணர்கிறான். அப்பகுதி இல்லாதிருந்தால் இப்பாட்டு எங்கள் அலுவலகக் கடிதம் போலவே முடிந்திருக்கும். மோமன் கேட்டது தொழில் நுணுக்கம் மட்டுமன்று; இலக்கியத் திறனாய்வு. அதனை நிறைவேற்றிக் கொடுத்த கைகளுள் இரண்டு பேருடைய கைகள் அந்தத் தொலைபேசிப் பேச்சோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை. பாட்டின் நெஞ்சுருக்கும் இடம் யாருடைய சொந்த அனுபவத்திலிருந்து வந்தது என்று இனி யார் சொல்வார்?

எல்விஸின் கட்சிக்காரர்கள் இன்னும் விடமாட்டார்கள். "எழுதியவர் யாராயினும் ஆகுக, பாடியவர் தம் துயரத்தை அதில் ஊற்றினாரே" என்பர். மறுக்கவில்லை. அவர் குரலில் கனம் இருக்கிறது. அக்கனம் இசைத்தட்டில் பதிந்திருக்கிறது. ஆனால் துயரத்தை ஊற்றினாலே பாட்டு நிலைக்கும் என்னும் கொள்கைக்கு அவர்தம் இசைத்தட்டே எதிர்ச்சாட்சி. 1972 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவில் அத்தட்டு வெளிவந்தபோது "ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்" அதன் பின்பக்கத்தில்தான் இருந்தது. முன்பக்கத்தில் இருந்தது "செப்பரேட் வேஸ்" என்ற வேறொரு பாட்டு. எல்விஸின் நெடுநாள் நண்பரும் மெய்க்காவலருமான ரெட் வெஸ்ட், ரிச்சர்ட் மெய்னெக்ரா என்பவருடன் சேர்ந்து, எல்விஸின் இல்லப் பிரிவையே மனத்தில் வைத்து எழுதிய பாட்டு அது. கணவன் மனைவி பிரிவதும், மகள் வளர்ந்தபின் அதைப் புரிந்துகொள்ளக்கூடும் என்னும் எண்ணமும் அதில் வருகின்றன. எல்விஸுக்கும் அப்போது நான்கு வயது மகள் இருந்தாள். வாழ்க்கையிலிருந்து நேரே எடுத்த பாட்டு வேண்டுமென்போர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அமெரிக்கப் பட்டியலில் அது இருபதாம் இடம் வரை சென்றது. இன்று அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பின்பக்கத்துப் பாட்டோ பிரிட்டனில் முன்பக்கமாக வெளியிடப்பெற்று ஒன்பதாம் இடத்தை எட்டியது. நாற்பதாண்டுகளுக்குப் பின், 2013-இல், அந்நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமாகிய ஐ.டி.வி. நடத்திய வாக்கெடுப்பில், எல்விஸ் பாடியவற்றுள் மக்கள் பெரிதும் விரும்பும் பாட்டு என்று அதுவே தேர்வு பெற்றது. அவருக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை பெட்டியில் கிடக்க, கடையில் தொங்கிய சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

மற்றொன்றையும் கூறிவிடுகிறோம். "செப்பரேட் வேஸ்" பதிவானது மார்ச் 27. "ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்" பதிவானது மார்ச் 29. இடைப்பட்ட 28-ஆம் நாள் அதே கூடத்தில் அதே எல்விஸ் பாடியது "பர்னிங் லவ்" என்னும் துள்ளல் பாட்டு. அவ்வாண்டு அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறிய பாட்டு. ஞாயிறு திங்களாய் அழுதவர் ஒரு நாள் மட்டும் அழுகையை நிறுத்தி ஆடினார் போலும்! பாடுவது அவர் தொழில். மூன்று நாளும் தொழிலைச் செவ்வனே செய்தார். இப்படிச் சொல்வது அவரைத் தாழ்த்துவதன்று. அழுகை வந்ததால் பாடினார் என்பதுதான் அவரைத் தாழ்த்துவது. அழுகைக்கு யாரும் பயிற்சி பெறுவதில்லை. பாட்டுக்கு அவர் பெற்றிருந்தார்.

எல்விஸின் தட்டு வெளிவருவதற்கு முன்னரே அதே 1972-இல் இப்பாட்டைப் பாடி வெளியிட்டவர்கள் இருவர் உளர். க்வென் மெக்ரே, பிரெண்டா லீ. இருவரும் பெண்கள். மனைவியைக் கவனியாத கணவனின் பேச்சு ஒரு பெண்ணின் வாயில் புகுந்தபோதும் பொருந்தியது. கார்சனின் சமையலறையைத் தாண்டி அது எவ்வளவு தொலைவு சென்றுவிட்டது என்பதற்கு இதுவே அளவுகோல்.

இந்த உண்மை தமிழருக்குப் புதிதாக இருக்கலாகாது. இதைச் சட்டமாகவே எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் விலக்கிற்று. பெயர் வந்தால் அது ஒருவர் வீட்டுச் செய்தியாகிவிடும். பெயரில்லாதபோது எல்லார் நெஞ்சின் செய்தியாகும். கபிலர் தலைவியின் வாயிலிருந்து பேசினார். கபிலரைக் கைவிட்ட காதலர் யார் என்று எந்த உரையாசிரியரும் துருவவில்லை. குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் அவர் ஆண்ட தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்குகிறோம். ஆள் அழிந்தும் அவர் செய்த சொல் அவருக்குப் பெயராக நின்றது. இத்தகைய மரபில் வந்தவர்கள் இன்று ஒரு பாட்டைக் கேட்டதும் யார் வீட்டுப் பிணக்கு என்று தேடுவது, பாட்டன் சொத்தை விற்றுப் பக்கத்து வீட்டில் கடன் கேட்பதற்கு ஒப்பாகும்.

"பெயர் அழிவதில் என்ன இருக்கிறது? பாட்டு நிற்கிறதே" என்று சில நண்பர்கள் தத்துவம் பேசுவர். செம்புலப்பெயனீரார்க்கு வீட்டு வாடகை கொடுக்க வேண்டியிருந்ததா என்பதை நாம் அறியோம். மெம்பிஸ் நகரத்துப் பாடலாசிரியருக்கு இருந்தது. பெயர் என்பது அங்கே பணம். பாட்டு ஒலிக்கும் ஒவ்வொரு முறையும், தட்டு விற்கும் ஒவ்வொரு முறையும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே உரிமைத்தொகை செல்லும். அதனால்தான் பெயருக்கு அவ்வளவு போட்டி.

எல்விஸைச் சூழ்ந்திருந்த வணிகர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். அவர் ஒரு பாட்டைப் பாட வேண்டுமாயின், எழுதியவர் தம் உரிமையில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடித்த முறை. 1956-இல் அவரை நாடறியச் செய்த "ஹார்ட்பிரேக் ஹோட்டல்" மே ஆக்ஸ்டன், டாமி டர்டன் இருவர் எழுதியது; மூன்றாவதாக எல்விஸின் பெயரும் சேர்ந்தது. அவ்வாண்டே வந்த "டோன்ட் பி க்ரூயல்" ஓட்டிஸ் பிளாக்வெல் எழுதியது. அங்கும் எல்விஸின் பெயர் ஒட்டிக்கொண்டது. "லவ் மீ டெண்டர்" கதை இன்னும் விந்தை. மெட்டு 1861-ஆம் ஆண்டின் "ஆரா லீ" என்னும் பழம்பாட்டினுடையது. புதிய சொற்களை அமைத்தவர் கென் டார்பி. ஆனால் ஏட்டில் உள்ள பெயர்கள் எல்விஸ் பிரெஸ்லி, வீரா மேட்சன். வீரா மேட்சன் என்பவர் டார்பியின் மனைவியார்! எழுதியவர் பெயர் எங்குமே இல்லை.

இம்முறைக்குத் தலைவணங்காத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாலி பார்ட்டன் 1974-இல் வெளியிட்ட "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" பாட்டைக் காதலர் பிரிவென்றே உலகம் கேட்டு அழுகிறது. உண்மையில் அது காதலனுக்கு எழுதியதன்று. போர்ட்டர் வேகனர் என்பவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏழாண்டுகள் போல் பணியாற்றிய அம்மையார், தனியே தொழில் நடத்த விரும்பி அவரிடம் விடைபெறுவதற்காக எழுதியது. எங்கள் மொழியில் சொன்னால் அது ஒரு பணிவிலகல் கடிதம்! இத்துணை அழகிய பணிவிலகல் கடிதம் எந்த அலுவலகக் கோப்பிலும் இராது. அதனை எல்விஸ் பாட விரும்பினார். அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கர் வழக்கம்போல் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டார். அம்மையார் கண்ணீர் விட்டார், ஆனால் கொடுக்கவில்லை. 1992-இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைத் திரைப்படத்துக்காகப் பாடியபோது, உலகெங்கும் ஈட்டிய பொருளில் எழுதியவரின் பங்கு முழுதும் எழுதியவருக்கே சென்றது. நாம் பெரிதும் மதிக்கும் செயல்களுள் இதுவும் ஒன்று.

"ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்" பாட்டுக்கு நல்ல காலம் வந்தது 1982-இல். வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகர்டும் சேர்ந்து பாடிய "பாஞ்சோ அண்ட் லெஃப்டி" தொகுப்பின் பதிவு நடந்துகொண்டிருந்தபோது ஜானி கிறிஸ்டபர் இப்பாட்டைக் கொண்டுவந்து காட்டினார். அன்று பதிவை நடத்தியவர் அதே சிப்ஸ் மோமன். ஹாகர்டுக்கு அது பிடிக்கவில்லை, நெல்சனுக்குப் பிடித்துவிட்டது. தனியே பாடினார். நாட்டுப்புற மெல்லிசைப் பட்டியலில் முதலிடம். பொதுப் பட்டியலில் ஐந்தாம் இடம். எல்விஸ் போல அவர் குரலை உயர்த்தவில்லை. பேசுவது போலப் பாடுகிறார். தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர் போலச் சொற்களை விடுகிறார். நம் செவிக்கு இதுவே பாட்டின் உள்ளத்துக்கு நெருக்கமானது.

நெல்சனும் எழுத்தாளர்தாம் என்பதை இங்கே மறக்கலாகாது. வறுமையில் உழன்ற இளமைக் காலத்தில் "ஃபேமிலி பைபிள்" என்ற தம் பாட்டை ஐம்பது டாலருக்கு விற்றார். 1960-இல் கிளாட் கிரே பாடி அது வெற்றி பெற்றபோது எழுதியவர்களாக வேறு மூவர் பெயர் இருந்தது; நெல்சன் பெயர் இல்லை. "நைட் லைஃப்" பாட்டை நூற்றைம்பது டாலருக்குக் கொடுத்தார். பெயரிழந்த வலியை அறிந்தவர் வாயில்தான் இம்மூவர் பாட்டு அவர்க்குரிய சிறப்பைத் தேடித்தந்தது. 1983-ஆம் ஆண்டு கிராமி விழாவில் நெல்சனுக்குப் பாடகர் விருது கிடைத்தது. ஆண்டின் சிறந்த பாட்டு என்ற விருதோ எழுதுவோர்க்குரியது. அது கார்சன், கிறிஸ்டபர், ஜேம்ஸ் மூவருக்கும் சென்றது. எழுதியவர்க்கென்று தனி விருது வைத்திருக்கும் அந்நாட்டாரின் முறைமை பாராட்டத்தக்கது. அவ்விருதுக்குப் பின்னும் இது "எல்விஸின் கண்ணீர்" என்றே பேசப்படுவது அதனினும் வியப்புக்குரியது.

1987-இல் வந்த பெட் ஷாப் பாய்ஸ் பதிவையும் விட்டுவிட இயலாது. எல்விஸ் மறைந்து பத்தாண்டு நிறைவுற்றதை ஒட்டிப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நடத்திய நிகழ்ச்சிக்காக அவர்கள் இதைப் பாடினர். நிகழ்ச்சியின் பெயர் "லவ் மீ டெண்டர்". பாவம் கென் டார்பி, அங்கும் அவர் நினைக்கப்பட்டிருக்க மாட்டார். மின்னிசைக் கருவிகளின் ஆட்டத் தாளம். உணர்ச்சி காட்டாத உலர்ந்த குரல். அழுகைக்கு அதில் இடமே இல்லை. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனின் முதலிடம் அதற்குத்தான். அந்த உலர்ந்த குரலில் கேட்கும்போது சரணங்களில் உள்ள "இருக்கலாம்" என்னும் நழுவல் முன்னினும் நன்றாகத் தெரிகிறது. இவன் உண்மையாகவே வருந்துகிறானா, வருந்துவதாகச் சொல்லித் தப்பிக்கிறானா என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயமும் எழுதியவர் வைத்ததே. அழும் குரல் அதை மறைத்தது. அழாத குரல் அதை வெளிக்காட்டியது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாமும் "எம்.ஜி.ஆர். பாட்டு" என்கிறோம், "சிவாஜி பாட்டு" என்கிறோம். வாயசைத்தவர் பெயர் முதலில். பாடியவர் பெயர் அடுத்து. இசையமைத்தவர் பெயர் பிறகு. எழுதியவர் பெயர், நினைவிருந்தால். பழைய வானொலி அறிவிப்பில் பாடலாசிரியர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் நல்வழக்கம் இருந்தது. இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்போர்க்கு அந்த அரைநொடியும் கிடைப்பதில்லை. நடிகரின் முகம் மட்டும் தெரிகிறது. எழுதியவர் பெயர் தப்பித் தெரிந்தாலும் அவரையும் விடுவதில்லை. கண்ணதாசனின் ஒவ்வொரு சோகப் பாட்டுக்கும் ஒரு கடன்காரரையோ பிணங்கிய நண்பரையோ தேடிப்பிடித்து நிறுத்துகிறார்கள். அவரே தம் நூல்களில் சொன்னவை சில உண்டு, அவற்றை ஏற்கலாம். எஞ்சியவை தேநீர்க் கடையில் பிறந்தவை. அவற்றால் அக்கவிஞர்க்குப் பெருமை சேர்கிறது என்று எண்ணுவோர், அவர் தமிழ் கற்றதையும், திரைக்கதையின் சூழலைக் கேட்டுக்கொண்டு அடுத்தவன் துயரத்துக்குச் சொல் கொடுத்ததையும் கழித்துவிட்டு, அவர் பட்ட கடனை மட்டும் எண்ணுகிறார்கள்.

நாள்தோறும் அடுத்தவர் பெயரில் செல்லும் கடிதங்களை எழுதுகிறவர்கள் நாம். "தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்" என்று தொடங்கும் மடல் ஒவ்வொன்றிலும் கையொப்பம் வேறொருவருடையது. அதில் நமக்குக் குறையொன்றுமில்லை. அது ஊதியம் பெற்றுச் செய்யும் வேலை, கடிதத்துக்கு ஆயுளும் குறைவு. ஆயினும் கோப்பைத் திறந்தால் வரைவு எழுதியவர் யார், திருத்தியவர் யார், ஒப்பமிட்டவர் யார் என்பது வரிசையாகத் தெரியும். அரசாங்கத்தின் புழுதி படிந்த கோப்பே காக்கின்ற இச்சிறு நேர்மையை ஐம்பதாண்டு கடந்து வாழும் பாட்டுக்கு நாம் காட்டக்கூடாதா?

எனவே நம் சங்கங்களின் விழாக்களில் இன்னிசை நிகழ்ச்சி அமைப்போர்க்கு ஒரு வேண்டுகோள். வேண்டுகோள் என்பதைவிடக் கோரிக்கை என்றே வைக்கிறோம். அச்சிடும் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே எழுதியவர் பெயர் இடம்பெற வேண்டும். தொகுத்து வழங்குவோர் பாடகரின் மணமுறிவைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அப்பெயரைச் சொல்லட்டும். யாரேனும் ஓர் இளைஞர் கிட்டாரோடு மேடையேறி "ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்" பாடினால், அவருக்கும் இதே விதி. வெய்ன் கார்சன் 2015-இல் மறைந்தார்; மார்க் ஜேம்ஸ் 2024-இல். மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொல்ல ஐந்து நொடி போதும்.